கரை மின்சாரத்தில் வோல்டேஜ் கோளாறு: அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழிமுறை

பாய்மரப் படகை ஜெட்டியில் கட்டி, கேபிளைச் செருகி, பேனலில் பச்சை விளக்கு எரிந்துவிட்டால் போதும், கரை மின்சாரம் ஒழுங்காக வருகிறது என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தாலும் 230 காட்டும். அப்புறம் கெய்சரைப் போட்டதும் விளக்கு மங்கும், ஏர்கண்டிஷனர் உறுமிவிட்டு நிற்கும், சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டும். மீட்டர் பொய் சொல்லவில்லை. லோடு இல்லாமல் அளந்ததுதான் தப்பு. கரண்ட் ஓடாத வயரில், இணைப்பு எவ்வளவு மோசமாக இருந்தாலும் வோல்டேஜ் குறையாது. ஒரே ஒரு செம்பு இழை ஒட்டிக்கொண்டிருந்தால்கூட மீட்டரில் முழு 230 தெரியும்.

அதனால் கீழே வருவதில் பெரும்பகுதி ஒரே வேலைதான்: லோடு போடுவது, இடம் மாற்றி மாற்றி அளப்பது, வோல்டேஜ் எந்த இடத்தில் விழுகிறது என்று பார்ப்பது.

எண்களை 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நீல நிற 16 ஆம்ப் பிளக்கை வைத்துச் சொல்கிறேன். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 30 ஆம்ப் முறுக்குப் பூட்டு பிளக் உள்ள படகுக்கும் வழி அதேதான், எண்கள் மட்டும் மாறும். மாறுவது முக்கியமாகிற இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

கை வைக்கும் முன்

கேபிளை இணைக்கும்போது முதலில் படகுப் பக்கம், பிறகு கரைப் பக்கம். கழற்றும்போது முதலில் கரைப் பக்கம், பிறகு படகுப் பக்கம். இரண்டு நேரத்திலும் ஜெட்டி மேல் நிற்கும் சாக்கெட் பெட்டியின், அதாவது பெடஸ்டலின், பிரேக்கர் அணைந்திருக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் மின்சாரம் பாயும் கேபிள் முனை தண்ணீரில் விழ வாய்ப்பு உண்டு.

பேனலின் பின்மூடியைத் திறந்து, ஓடும் மின்சாரத்தில் மீட்டர் முனை வைத்துப் பழக்கம் இல்லையென்றால் அதைச் செய்யாதீர்கள். இங்கே சொல்லும் சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்கு மூடியைத் திறக்கவே வேண்டாம். சாக்கெட்டில் செருகினால் வோல்டேஜும் ஆம்பும் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று, பெடஸ்டல் பிளக்கிலிருந்து வீட்டு சாக்கெட்டுக்கு மாற்றும் குட்டை அடாப்டர் ஒன்று, 2000 வாட் ஃபேன் ஹீட்டர் ஒன்று. இவ்வளவுதான் சாமான். ஹீட்டர் எதற்கு என்றால், அது ஏறி இறங்காமல் ஒரே சீராகக் கரண்ட் இழுக்கும். சார்ஜரையோ ஏர்கண்டிஷனரையோ சோதனை லோடாக வைத்தால் அளவு ஆடிக்கொண்டே இருக்கும்.

மூன்று இடம், ஒவ்வொன்றிலும் இரண்டு அளவு

படகில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

1. பெடஸ்டலில் நேரடியாக அடாப்டர், அதில் மீட்டர். வோல்டேஜைக் குறியுங்கள். மீட்டரில் ஹீட்டரைச் செருகி முழு வேகத்தில் ஒரு நிமிடம் ஓடவிட்டு மறுபடி குறியுங்கள்.

2. கேபிளைப் பெடஸ்டலில் செருகி, அதன் படகு முனையில் அடாப்டரும் மீட்டரும். அதே இரண்டு அளவு.

3. கேபிளைப் படகில் செருகி, படகுக்குள் இருக்கும் ஒரு சாக்கெட்டில் மீட்டர். அதே இரண்டு அளவு.

உதாரணத்துக்கு இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம். லோடு இல்லாமல் மூன்று இடத்திலும் 234. ஹீட்டர் ஓடும்போது பெடஸ்டலில் 231, கேபிள் முனையில் 228, படகுக்குள் 219. பெடஸ்டல் 3 வோல்ட் இறங்கியது சகஜம். கேபிளில் 3 வோல்ட் போனதும் நியாயம்தான்: 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் 25 மீட்டர் இருந்தால், போக வர இரண்டு கம்பியும் சேர்த்து மின்தடை ஏறத்தாழ 0.37 ஓம். எட்டரை ஆம்புக்கு அது மூன்று வோல்ட்டைச் சற்றுத் தாண்டும். ஆனால் இன்லெட்டிலிருந்து, அதாவது கேபிளைச் செருகும் படகின் வெளிச் சாக்கெட்டிலிருந்து, உள் சாக்கெட் வரை சில மீட்டர் வயரில் 9 வோல்ட் காணாமல் போவதற்கு நியாயமே இல்லை. பிழை படகுக்குள்தான். ஜெட்டி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பயனில்லை.

பெடஸ்டலிலிருந்து படகு சாக்கெட் வரை 3 சதவீதத்துக்கு மேல் இழப்பு இருந்தால், அதாவது 230-ல் 7 வோல்ட்டுக்கும் 120-ல் மூன்றரை வோல்ட்டுக்கும் மேல் போனால், நான் விடாமல் தேடுவேன். 120 வோல்ட் படகுக்கு 1500 வாட் ஹீட்டர் போதும்.

இந்த ஆறு எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பேனல் கதவின் உட்பக்கம் ஒட்டி வையுங்கள். கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் இவைதான் ஆதாரம்.

அறிகுறி: லோடு போட்டதும் வோல்டேஜ் இறங்குகிறது, அணைத்தால் ஏறிவிடுகிறது

வழக்கில் பாதி இதுதான். எந்த இடத்தில் அதிகம் இறங்குகிறது என்பதை மேலே அளந்தாயிற்று. இனி அந்த இடத்தில் தேட வேண்டும்.

இறக்கம் பெடஸ்டலிலேயே இருந்தால்: பக்கத்து சாக்கெட்டில் அதே சோதனையைச் செய்யுங்கள். அங்கே சரியாக இருந்தால், உங்கள் சாக்கெட்டின் உள்ளே பிடிப்பு தளர்ந்திருக்கிறது. எல்லா சாக்கெட்டிலும் இறங்கினால், ஜெட்டிக்கு வரும் கம்பியே அந்த நீளத்துக்குப் போதவில்லை என்று அர்த்தம். ஜெட்டியின் கடைசி முனையில் கட்டியவர்களுக்கு இது அடிக்கடி நேரும்.

இறக்கம் கேபிளில் இருந்தால்: முதலில் தடிமனைப் பாருங்கள். கேபிள் உறையிலேயே அச்சிட்டிருக்கும். 1.5 சதுர மில்லிமீட்டர் என்றிருந்தால் 25 மீட்டருக்கு 0.6 ஓம் ஆகிவிடும், 10 ஆம்புக்கு 6 வோல்ட் போய்விடும். இரண்டு கேபிளை நடுவில் இணைத்து ஓட்டுகிறீர்கள் என்றால் அந்த நடு இணைப்பைச் சந்தேகப்படுங்கள். உருளையில் சுற்றிய கேபிளாக இருந்தால் முழுவதையும் அவிழ்த்துப் போடுங்கள். சுற்றி வைத்த கேபிளில் சூடு வெளியேற வழியில்லை. சூடானால் மின்தடையும் கூடும், உறையும் இளகும்.

இறக்கம் படகுக்குள் இருந்தால்: இன்லெட்டின் பின்பக்கம் முதல் குற்றவாளி. அது வெளியே வெயில், மழை, உப்புக் காற்று மூன்றையும் வாங்கும் இடம், உள்ளே யாருமே பார்க்காத இடம். பெடஸ்டலை அணைத்து, கேபிளை முழுக்கக் கழற்றி, இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைத்துவிட்டு மூடியைக் கழற்றுங்கள். திருகு ஒவ்வொன்றையும் திருப்பிப் பாருங்கள். அரைச் சுற்று இலகுவாகத் திரும்பினால் அங்கேதான் லூஸ் காண்டாக்ட். வயரை வெளியே எடுத்து முனையைப் பாருங்கள். செம்பு செம்பாக மின்ன வேண்டும். பச்சைக் களிம்பு பிடித்திருந்தாலோ கறுத்திருந்தாலோ, நல்ல நிறம் வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். சில நேரம் ஒரு சாண் நீளம் உறைக்குள் கறுப்பு ஏறியிருக்கும். அப்போது அந்த வயரையே மாற்றுவதுதான் வழி. ஈயம் வைத்துச் சமாளிக்காதீர்கள். ஈயம் பூசிய முனை திருகுக்குக் கீழே நாளடைவில் நசுங்கி மறுபடி தளரும். வயர் முனையில் மாட்டும் சின்ன உலோக முனைக்குழாய் போட்டு அழுத்தி, திருகை இறுக்குங்கள்.

இன்லெட் சுத்தம் என்றால் அடுத்தது மெயின் பிரேக்கரின் இரண்டு பக்கத் திருகுகள், பிறகு கரை மின்சாரமா ஜெனரேட்டரா என்று மாற்றும் செலக்டர் சுவிட்ச். அந்தச் சுவிட்சை வருடக்கணக்கில் ஒரே நிலையில் விட்டிருந்தால் உள்ளே தொடுபுள்ளி மங்கிப்போயிருக்கும். மின்சாரத்தை அணைத்துவிட்டுச் சில தடவை முன்னும் பின்னும் திருப்பி மறுபடி அளந்து பாருங்கள். அளவு தேறினால் சுவிட்ச்தான் காரணம். தேறியதே என்று விட்டுவிடாமல் மாற்றிவிடுங்கள், மறுபடி மங்கும்.

அறிகுறி: பிளக் சுடுகிறது, பின்னைச் சுற்றிக் கருகியிருக்கிறது

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. பிளக்கின் ஒரு பின்னில் 0.2 ஓம் தடை சேர்ந்துவிட்டது, 15 ஆம்ப் ஓடுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வோல்டேஜ் குறைவது வெறும் 3 வோல்ட். எந்தச் சாதனமும் முணுமுணுக்காது, பேனல் மீட்டரில் கண்ணுக்கே தெரியாது. ஆனால் அந்த ஒரு புள்ளியில் 45 வாட் சூடாகிறது. பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒரு சால்டரிங் அயர்னை இரவு முழுக்க எரியவிட்டது போல. வோல்டேஜ் குறைபாடு என்றால் சாதனம் கெடும் என்றுதான் பலர் கவலைப்படுகிறார்கள். என் கவலை இந்தச் சூடுதான். படகில் தீப்பிடித்தால் ஓடுவதற்கு இடமில்லை.

ஹீட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு, பிளக்கின் வெளிக்கூட்டையும் அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிக் கேபிளையும் தொட்டு ஒப்பிடுங்கள். கேபிளைவிடப் பிளக் தெளிவாகச் சூடாக இருந்தால் இணைப்பு கெட்டிருக்கிறது. கருகிய பின்னை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் திரும்பச் செருகுவது வீண் வேலை. சூட்டில் சாக்கெட்டின் ஸ்பிரிங் பிடிப்பு போயிருக்கும், தேய்த்தாலும் வராது. பிளக், இன்லெட் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கருக்கிவிடும்.

முறுக்குப் பூட்டு பிளக்கில் இன்னொரு சங்கதி. செருகிவிட்டு முழுசாகத் திருப்பாமலும், வெளி வளையத்தை இறுக்காமலும் விட்டால், அலையில் படகு ஆட ஆட கேபிளின் எடை பின்னை அசைத்துக்கொண்டே இருக்கும். கேபிளை ஒரு கயிற்றால் கம்பியிலோ, படகுக் கயிறு கட்டும் கிளீட்டிலோ கட்டி, இழுவை பிளக்குக்கு வராமல் செய்யுங்கள். மேலும் 30 ஆம்ப் என்று எழுதியிருப்பதால் 30 ஆம்பை மணிக்கணக்கில் ஓட்டலாம் என்று பொருள் இல்லை. தொடர்ந்து ஓடும் லோடுக்கு 80 சதவீதம், அதாவது 24 ஆம்ப்தான் கணக்கு.

அறிகுறி: லோடே இல்லை, ஆனாலும் வோல்டேஜ் குறைவு

பெடஸ்டலிலேயே குறைவாக இருக்கும். நீங்கள் எதையும் இழுக்கவில்லை, மற்றவர்கள் இழுக்கிறார்கள். காலையிலும், எல்லோரும் சமைத்துக் குளிரூட்டும் மாலையிலும் அளந்து ஒப்பிடுங்கள். 230 வோல்ட் விநியோகத்தில் 207 வரை இறங்குவது ஏற்றுக்கொள்ளப்பட்ட எல்லைக்குள்தான். 120-ல் 114 வரை இயல்பு. அதற்கும் கீழே போனால் மோட்டார் உள்ள எதையும் ஓட்டாதீர்கள்.

எது தாங்கும், எது தாங்காது என்று தெரிந்துகொள்வது நல்லது. கெய்சர், ஹீட்டர் போன்றவை கெடாது, மெதுவாகச் சூடாகும், அவ்வளவுதான். 230-க்குப் பதில் 207 வந்தால் அவற்றின் சக்தி 19 சதவீதம் குறைகிறது. 90 முதல் 265 வோல்ட் வரை ஏற்கும் புது வகைச் சார்ஜர் கண்டுகொள்ளாது. ஆனால் அது அதே வாட்டை எடுக்க அதிக ஆம்ப் இழுக்கும், அதனால் கேபிளில் இறக்கம் இன்னும் கூடும். மாட்டிக்கொள்வது கம்ப்ரசர் மோட்டார்தான்.

இரண்டு 120 வோல்ட் பக்கம் சேர்ந்து 240 தரும் 120/240 வோல்ட் பெரிய படகுகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. மூன்று ஃபேஸிலிருந்து எடுக்கும் ஜெட்டிகளில் இரண்டு ஃபேஸுக்கு நடுவே 240 வராது, 208தான் வரும். அது கோளாறு இல்லை, அமைப்பே அப்படி. கெய்சர் சக்தி நான்கில் மூன்று பங்காகும். மோட்டார் தகட்டில் 208/230 என்று இருந்தால் ஓடும். 230 மட்டும் இருந்தால் யோசிக்க வேண்டும்.

வோல்டேஜை ஏற்றித் தரும் பூஸ்ட் டிரான்ஸ்ஃபார்மர் இந்த இடத்துக்குத்தான் பொருத்தம். ஜெட்டி வோல்டேஜ் நிரந்தரமாகக் குறைவு, இணைப்புகள் எல்லாம் சுத்தம் என்று உறுதியான பிறகு. லூஸ் காண்டாக்டுக்கு அதை மருந்தாகப் போட்டால் கரைப் பக்கம் இன்னும் அதிகக் கரண்ட் இழுத்து, கருகும் பிளக்கை வேகமாகக் கருக்கும்.

அறிகுறி: ஏர்கண்டிஷனர் முக்குகிறது, ஸ்டார்ட் ஆகாமல் நிற்கிறது

கம்ப்ரசர் கிளம்பும் அந்த ஒரு கணம், ஓடும்போது எடுப்பதைப் போல நாலைந்து மடங்கு கரண்ட் இழுக்கும். ஓடும்போது 6 ஆம்ப் என்றால் கிளம்பும்போது 30 ஆம்ப் ஆகலாம். கரையிலிருந்து கம்ப்ரசர் வரை 1 ஓம் தடை இருந்தால் அந்தக் கணத்தில் 30 வோல்ட் போச்சு. மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது, எனவே 10 சதவீதம் குறைந்தாலே விசை ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகும். மோட்டார் சுற்றாமல் உறுமும், உள்ளே சூடேறும், பாதுகாப்பு சுவிட்ச் அணைக்கும், ஆறியதும் மறுபடி முயலும்.

உடனே உடனே போட்டுப் பார்க்காதீர்கள். நின்ற கம்ப்ரசருக்குள் அழுத்தம் சமமாக மூன்று நிமிடமாவது வேண்டும். அதற்குள் போட்டால் நல்ல வோல்டேஜிலும் திணறும். கெய்சரையும் சார்ஜரையும் அணைத்துவிட்டு ஏர்கண்டிஷனரை மட்டும் போடுங்கள். கிளம்பிவிட்டால் மேலே சொன்ன இறக்கத்தைத் தேடுவதுதான் வேலை. இறக்கம் நியாயமான அளவுக்குள் இருந்தும் கிளம்பவில்லை என்றால், மோட்டாரைக் கிளப்ப உதவும் ஸ்டார்ட் கெப்பாசிட்டரைப் பாருங்கள். ஜெட்டியே பலவீனம் என்றால், கிளம்பும்போது இழுக்கும் கரண்ட்டைக் குறைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் நல்ல செலவு. ஏர்கண்டிஷனரைக் குளிர்விக்க வரும் கடல்நீரின் வடிகட்டியில் பாசி அடைத்திருந்தாலும் அழுத்தம் ஏறிக் கரண்ட் கூடும். வோல்டேஜைத் தேடிக் களைத்த பிறகு அதைத் திறந்து பார்ப்பதைவிட, முதலிலேயே பார்த்துவிடலாம்.

அறிகுறி: இன்வெர்ட்டர்-சார்ஜர் கரை மின்சாரத்தை ஏற்றுவிட்டு, கொஞ்ச நேரத்தில் விட்டுவிடுகிறது

டக் என்று ரிலே சத்தம், சார்ஜ் ஆரம்பம், சில நொடியில் இன்னொரு டக், பேட்டரிக்கு மாறிவிடும். பிறகு மறுபடி முதலிலிருந்து. லோடு இல்லாதபோது வோல்டேஜ் நன்றாக இருக்கிறது, ஏற்கிறது. சார்ஜர் கரண்ட் இழுத்ததும் வோல்டேஜ் கீழ் எல்லைக்குப் போகிறது, விடுகிறது. விட்டதும் ஏறிவிடுகிறது. பல மாடல்களில் அந்தக் கீழ் எல்லை 180 வோல்ட்டை ஒட்டி இருக்கும், அமைப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடனடி வழி: கரையிலிருந்து எடுக்கும் ஆம்ப் எல்லையை 16-லிருந்து 6-க்கு இறக்குங்கள். ஆட்டம் நின்றால் காரணம் உறுதி. பெடஸ்டல் பிரேக்கர் 6 ஆம்பாக இருக்கும் ஜெட்டிகளிலும் இந்த எல்லையை முதலில் சரிசெய்தால் பாதி இரவில் எழுந்து போய் பிரேக்கரைத் தூக்கிவிடும் வேலை மிச்சம். 12 வோல்ட், 60 ஆம்ப் சார்ஜர் ஒன்றே கரைப் பக்கம் ஏறத்தாழ 1000 வாட், நாலரை ஆம்ப் எடுக்கும். கீழ் எல்லை வோல்டேஜைத் தாழ்த்தி ஆட்டத்தை நிறுத்துவது எனக்குப் பிடிக்காத வழி. எச்சரிக்கும் வாயை மூடுகிறீர்கள், இறக்கம் அப்படியே இருக்கிறது.

அறிகுறி: விளக்கு மங்குவதும் பளிச்சென்று எரிவதுமாக ஆடுகிறது

இது வந்தால் படிப்பதை நிறுத்திவிட்டுப் பேனல் மெயினை அணையுங்கள், பிறகு பெடஸ்டலை.

லூஸ் காண்டாக்ட் வோல்டேஜைக் குறைக்கத்தான் செய்யும், கூட்டாது. இயல்பை மீறி வோல்டேஜ் ஏறுகிறது என்றால் ஜெட்டியின் நியூட்ரல் எங்கோ விட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம். மூன்று ஃபேஸ் விநியோகத்தில் நியூட்ரல் கட்டானால், ஒவ்வொரு படகும் எடுக்கும் லோடுக்கு ஏற்ப வோல்டேஜ் தாறுமாறாகப் பங்கிடப்படும். குறைந்த லோடு உள்ள படகுக்கு 230-க்குப் பதில் 400-ஐ நோக்கி ஏறலாம். அதிக லோடு உள்ளவருக்குச் சரியும். 120/240 படகில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: ஒரு பக்கம் 90, இன்னொரு பக்கம் 150, கூட்டினால் 240. அப்படி ஒரு பக்கம் இறங்க மறுபக்கம் ஏறினால் நியூட்ரல்தான்.

படகை மட்டும் தனிமைப்படுத்திவிட்டு, பக்கத்துப் படகுகளிலும் சொல்லுங்கள். இது மரினாவின், அதாவது படகுத்துறையின், எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை, உங்களுடையது அல்ல.

இரவில் மட்டும் வோல்டேஜ் 250-ஐத் தாண்டுகிறது, ஆனால் ஆடவில்லை என்றால் அது வேறு கதை. பகல் லோடைத் தாங்க டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜை ஏற்றி வைத்திருப்பார்கள், இரவில் லோடு குறைந்ததும் மேலே போகும். 253 வரை எல்லைக்குள். அதற்கு மேல் நின்றால் பழைய வகை, தானாகக் கட்டுப்படுத்தாத சார்ஜரை அணைத்து வையுங்கள். கரை வோல்டேஜ் ஏறினால் அதன் பேட்டரி வோல்டேஜும் ஏறும். 12 வோல்ட் பேட்டரியில் 15-ஐத் தாண்டி, அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பேட்டரி கொதிக்கிறது. சார்ஜரை நிறுத்தி, கேபினைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள்.

அறிகுறி: அடுப்பையோ உலோகக் கம்பியையோ தொட்டால் சுரீர் என்கிறது

மீட்டரில் உலோகத்துக்கும் எர்த்துக்கும் நடுவே 110 வோல்ட் அளவுக்குக் காட்டும். எங்கிருந்து இந்தப் பாதி வோல்டேஜ்? சார்ஜர், கம்ப்யூட்டர் அடாப்டர் எல்லாவற்றிலும் இரைச்சலை வடிக்கும் சின்னக் கெப்பாசிட்டர்கள் ஃபேஸிலிருந்து எர்த்துக்கும் நியூட்ரலிலிருந்து எர்த்துக்கும் இருக்கும். எர்த் ஒழுங்காக இருந்தால் அந்தச் சொற்பக் கசிவு அமைதியாக அதில் போய்விடும். எர்த் அறுந்திருந்தால் படகின் உலோகமெல்லாம் நடுவில் தொங்கி, பாதி வோல்டேஜில் நிற்கும். சுரீர் என்பது சின்ன விஷயம்தான். ஆனால் அது சொல்லும் சேதி பெரியது: நிஜமான ஃபேஸ் கசிவு வந்தால் பிரேக்கரை விழவைக்க எர்த் இல்லை.

கேபிளை இரண்டு பக்கமும் கழற்றி, கேபிளின் ஒரு முனை எர்த் பின்னிலிருந்து மறுமுனை எர்த் பின் வரை தடையை அளங்கள். ஒரு ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். பிறகு படகின் இன்லெட் எர்த் பின்னிலிருந்து அடுப்பின் உலோகத்துக்கு. இங்கே ஒரு பொறி உண்டு. வழியில் கால்வானிக் ஐசொலேட்டர், அதாவது உலோக அரிப்பைத் தடுக்க எர்த் வயரில் போடும் டையோடு பெட்டி, இருந்தால் ஓம் மீட்டர் எதுவும் காட்டாது, எர்த் கட் என்று ஏமாந்துவிடுவீர்கள். மீட்டரை டையோடு நிலைக்கு மாற்றி இரண்டு திசையிலும் அளங்கள். ஒவ்வொரு திசையிலும் 1 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் ஐசொலேட்டர் நலம். எதுவும் காட்டாவிட்டால் அது எரிந்து எர்த்தை அறுத்திருக்கிறது. சுழி காட்டினால் ஷார்ட் ஆகியிருக்கிறது. எர்த் வேலை செய்யும், ஆனால் படகின் உலோகத்தை அரிப்பிலிருந்து காக்கும் துத்தநாகக் கட்டி, அதாவது அனோடு, வேகமாகக் கரையும்.

அறிகுறி: எர்த் லீக்கேஜ் பிரேக்கர் விழுந்துகொண்டே இருக்கிறது

வோல்டேஜ் கோளாறு என்று எண்ணி வருபவர்களில் பலர் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறார்கள். 30 மில்லிஆம்ப் கசிந்தால் விழும் பிரேக்கர் இது.

கேபிளைப் படகில் செருகாமல் பெடஸ்டலில் மட்டும் செருகுங்கள், மறுமுனையைத் தண்ணீருக்கு எட்டாமல் வையுங்கள். அப்போதே விழுந்தால் கேபிள் நனைந்திருக்கிறது. விழவில்லை என்றால் பெடஸ்டலை அணைத்து, படகில் எல்லா பிரேக்கரும் அணைந்திருக்கச் செருகி, மறுபடி போடுங்கள். பிறகு மெயின், பிறகு ஒவ்வொன்றாக. பெரும்பாலும் கெய்சரின் ஹீட்டிங் எலிமெண்ட்டில் மாட்டும். உறையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு, சூடானதும் கசியும், ஆறினால் நல்லபிள்ளையாகிவிடும். எனவே கெய்சரைப் போட்டுவிட்டு உடனே தீர்ப்பு சொல்லாதீர்கள், தண்ணீர் நன்றாகச் சூடாகும்வரை காத்திருங்கள்.

ஒரு பிரேக்கரும் குற்றவாளியாக மாட்டவில்லையா? ஒற்றைக் கம்பி பிரேக்கர்கள் ஃபேஸை மட்டும் அணைக்கின்றன, நியூட்ரல் இணைந்தே இருக்கிறது. படகில் எங்கோ நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருந்தால் பிரேக்கரை அணைத்தும் பயனில்லை. வேறொரு லோடு ஓடும்போது நியூட்ரல் கரண்ட்டில் ஒரு பங்கு எர்த் வழியே திரும்பி, டிரிப் ஆகும். இன்வெர்ட்டருக்குள் இந்த இரண்டையும் இணைக்கும் ரிலே, கரை மின்சாரம் வந்ததும் திறக்க வேண்டியது, திறக்காமல் ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. இன்வெர்ட்டரை வெளியே எடுத்துவிட்டு நேரடியாக இணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எவரையும் தனியாக மாட்டவைக்க முடியாமல், எல்லாம் சேர்ந்தால்தான் விழுகிறது என்றால், சின்னச் சின்னக் கசிவுகள் கூடி எல்லையைத் தாண்டுகின்றன. தேவையில்லாத அடாப்டர்களைக் கழற்றுங்கள்.

எர்த் வயரைக் கழற்றினால் பிரேக்கர் விழாது என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். விழாதுதான். கசிவு அப்போது படகின் அடிப்பாகம் வழியாகத் தண்ணீருக்குப் போகும். நன்னீரில் இது இன்னும் கொடியது. மனித உடல் நன்னீரைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்தும், எனவே கரண்ட் நீந்துபவர் உடல் வழியாகவே போகும். 15 மில்லிஆம்ப் போதும், தசை விறைத்து நீந்த முடியாமல் போக. கரை மின்சாரம் உள்ள ஜெட்டி அருகே யாரும் குளிக்க இறங்கக் கூடாது.

அறிகுறி: செருகியதும் பிரேக்கர் விழுகிறது, இரண்டாம் தடவை நிற்கிறது

படகில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், அதாவது கரை வயரோடு நேரடித் தொடர்பில்லாமல் மின்சாரத்தைப் படகுக்குக் கடத்தும் டிரான்ஸ்ஃபார்மர், இருக்கிறதா? அப்படியானால் கவலை வேண்டாம். மின்சாரம் சேரும் முதல் அரைச் சுழற்சியில் அது இயல்பைப் போலப் பத்து மடங்குகூட இழுக்கும். எந்தக் கணத்தில் சுவிட்ச் விழுந்தது என்பதைப் பொறுத்து ஒரு தடவை விழும், ஒரு தடவை விழாது. சாஃப்ட் ஸ்டார்ட் பலகை போட்டால் தீரும்.

அறிகுறி: வோல்டேஜ் சரி, ஆனாலும் எல்லாம் சூடாகிறது

60 ஹெர்ட்ஸுக்குக் கட்டிய படகை 50 ஹெர்ட்ஸ் ஜெட்டியில் செருகியிருக்கிறீர்கள். 230-ஐ 120 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஹெர்ட்ஸை மாற்றாது. மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர் கொதிக்கும். இரண்டு ஹெர்ட்ஸும் ஏற்கும் சார்ஜர் ஒன்றைக் கரையோடு இணைத்து, மற்றதெல்லாம் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக ஓட்டுவதுதான் சுத்தமான தீர்வு. ஏர்கண்டிஷனருக்கு மட்டும் அது கட்டுப்படியாகாது.

மரினா அலுவலகத்தில் சொல்லும்போது

"கரண்ட் சரியில்லை" என்று சொன்னால் ஒருவர் வந்து லோடு இல்லாமல் அளந்து, 230 இருக்கிறதே என்று சொல்லிவிட்டுப் போவார். அதற்குப் பதில் பெடஸ்டல் எண், அளந்த நேரம், லோடு இல்லாமல் எவ்வளவு, 2000 வாட் ஹீட்டரோடு எவ்வளவு, பக்கத்து சாக்கெட்டில் அதே இரண்டும் எவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள். வருபவரிடம் அடாப்டரையும் ஹீட்டரையும் நீட்டி, அவர் மீட்டரிலேயே பார்க்கச் சொல்லுங்கள்.